ராணிக்கு உப்புத் தண்ணீர்

நான் பிரமாதமாகச் சாவேன் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. மேடையில்தான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம். பெங்களூரில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, ஒக்கலிபுரத்தில் சில சிநேகிதர்களோடு நாடகக் குழு நடத்திக்கொண்டிருந்தேன். கல்லூரியில் எங்களுக்குப் பாடமாக இருந்த பழைய ஐரோப்பிய சோக நாடகம் ஒன்றைத் தமிழில் எழுதினேன். போருக்குப் போன ராஜா இறந்துவிட்டதாகப் பொய்ச் செய்தி வருகிறது. ராணி விஷம் குடிக்கிறாள். திரும்பி வந்த ராஜா அவளைப் பார்த்துவிட்டுக் கத்தியால் குத்திக்கொள்கிறான். மூலத்தில் அவன் நாலு வரி பேசிவிட்டுச் செத்துப்போகிறான். எனக்கு அது போதவில்லை. ராஜா நான்தான் என்பதால் நாலு வரியை நாலு பக்கமாக்கினேன்.

ராணியாக நடித்தவள் பவுலின், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்பவள். ஒத்திகையில் என் கடைசி வசனம் ஆரம்பித்ததும், பிணமாகப் படுத்திருப்பவள் நிஜமாகவே தூங்கிப்போவாள். என் குரலின் இனிமை என்று நினைத்துக்கொண்டேன்.

"சந்தானம், கடைசியில கொஞ்சம் கட் பண்ணலாமே?" என்றார் ஆம்ப்ரோஸ். திரை, விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு.

"டிராஜடி சார் இது. அவசரப்படக் கூடாது" என்றேன்.

அதன் முதல் மேடையேற்றம் நீலசந்திராவில், ஒரு மைதானத்தில். வேலை முடிந்து வந்தவர்கள் குடும்பத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு சோகத்தை இவர்கள் எப்படித் தாங்கப்போகிறார்கள் என்று திரைக்குப் பின்னால் நின்று கவலைப்பட்டேன்.

ராணி விஷம் குடித்து விழுந்தாள். நான் ஓடிவந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் பக்கத்துக்குப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். இரண்டாம் பக்கத்தில் நிலவைக் கூப்பிட்டு நியாயம் கேட்டேன். நிலவிடம் இன்னும் கேட்க வேண்டியது நிறைய இருந்தபோது, முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து நின்றாள். அவள் பெயர் சந்திரம்மா என்று பிறகு தெரிந்தது.

"ஏய் ராசா! இன்னும் எவ்ளோ நேரம் பேசிகினே இருப்பே? அந்தப் பொண்ணுக்கு மூச்சு ஓடுது, பாரு!"

ஓடத்தான் செய்தது. பவுலின் தூங்கியிருந்தாள்.

"அம்மா, ராணி இறந்துவிட்டாள்" என்றேன், ராஜ கம்பீரத்தோடு.

"எவன் சொன்னான்? நாடி புடிச்சுப் பாத்தியா? நீ செத்துட்டேன்னுகூடத்தான் வந்து சொன்னானுங்க!"

மைதானமே ஆமாம் என்றது. இதற்கு நான் வசனம் எழுதியிருக்கவில்லை.

"சொல்ப, கொஞ்சமே கொஞ்சம் உப்புத்தண்ணி குடுத்தா வாந்தி எடுத்து எழுந்துக்குவா" என்றாள் சந்திரம்மா. பக்கத்து வீட்டிலிருந்து யாரோ ஒரு சொம்பை நீட்ட, அதோடு மேடையில் ஏறிவிட்டாள். திரையை இறக்கச் சொல்லி ஆம்ப்ரோஸுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பவுலின் கண்ணைத் திறந்தாள். சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு வாய் குடித்தாள். இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் விஷம் குடித்துக் கிடக்கிறேன். நீங்கள் நிலவோடு பேசிக்கொண்டிருக்கிறீர்களே, பிரபு! வைத்தியரைக் கூப்பிட வேண்டுமென்று தோன்றவில்லையா?"

அப்படி ஒரு கைதட்டலை அதுவரை எங்கள் குழு கேட்டதில்லை. என்னிடமோ இன்னும் இரண்டரைப் பக்கம் பாக்கி இருந்தது. கத்தியை உருவி, "ஆனாலும் நான் சாக வேண்டும்!" என்றேன்.

"எதுக்குய்யா?" என்று கேட்டான் ஒருவன், உண்மையான அக்கறையோடு.

கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்போதுதான் திரை இறங்கியது.

அடுத்த வாரம் அடுகோடியிலிருந்து பட்டறைக்காரர்கள் சிலர் வந்து, "ராணி எழுந்துக்கற நாடகம் போடணும்" என்றார்கள். மூலத்துக்குத் துரோகம் செய்ய முடியாது என்று நான் குதித்தேன். அதில் நாலு வரியை நாலு பக்கமாக்கியவன் யார் என்று கேட்பதுபோல் ஆம்ப்ரோஸ் என்னைப் பார்த்தார்.

"ராணி பிழைக்கட்டும் சார்" என்றாள் பவுலின். "உங்களுக்குச் சாகணும்னு அவ்ளோ ஆசைன்னா, போர்ல பட்ட காயத்தோட வந்து என் மடியில சாகுங்க. ஆனா வசனம் சுருக்கமா."

"அப்புறம்?"

"அப்புறம் நான் பேசறேன்."

சாவாவது மிஞ்சியதே என்று ஒப்புக்கொண்டேன்.

அடுகோடியில் நான் செத்தேன். யாரும் குறுக்கே பேசவில்லை. சந்திரம்மா வந்திருக்கிறாளா என்று சாவதற்கு முன் ஒரு முறை பார்த்துக்கொண்டது உண்மை. பிறகு பவுலின் பேச ஆரம்பித்தாள். நிலவு கிலவு ஒன்றும் இல்லை. நாளைக் காலையில் கோட்டைக் கதவை யார் திறப்பது என்று கேட்டாள். போரில் செத்த மற்றவர்களின் வீடுகளுக்கு யார் போய்ச் சொல்வது, நானே போகிறேன், பொய்ச் செய்தி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், மெய்ச் செய்தியை நானே சொல்கிறேன் என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இத்தனை மாத ஒத்திகையில், அவள் பேசும் காட்சிகளிலெல்லாம் நான் ஓரமாக நின்று என் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தக் குரலை இப்போதுதான் கேட்கிறேன்.

அவள் முடித்ததும் மைதானத்தில் சத்தமே இல்லை. எங்கோ மிக அருகில் ஒரே ஒருவர் மட்டும் பலமாகக் கைதட்டுவது கேட்டது. யார் என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். என் கைகள்தான்.

அடுகோடி முழுவதும் சிரித்தது. பவுலின் என் நெற்றியில் கையை வைத்து மடியில் அழுத்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி, "படுங்க சார்" என்றாள்.