மணப்பெண் கார்

ஜெர்மனியின் எசன் நகரில் தமிழ்க் கல்யாணம் என்றால் தாலிக்கு அடுத்தபடி சனம் பார்ப்பது மணப்பெண் வந்து இறங்கும் காரைத்தான். மூத்த மகள் மிதுஷாவின் கல்யாணத்துக்கு ஜேசுரட்ணம் தன் ஹைட்ரஜன் காரையே பூ வைத்துச் சோடித்திருந்தார். புகையே வராதாம், பின்னால் தண்ணீர்தான் சொட்டுமாம். அவர் சொல்லி இதைக் கேட்காத காது அந்த ஊரில் இல்லை. மனைவியின் தம்பி றொனால்டின் மீன் வானைக் கண்டால், "உந்தப் புகைக்கூட்டை அங்கால நிப்பாட்டு" என்பார்.

வினை முதல்நாளே தொடங்கிவிட்டது. பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த சொந்தங்கள் ஆளுக்கொரு ரவுண்டு கேட்டார்கள். பெருமை பிடித்த மனுசன் மாட்டேன் என்பாரா? மாமிமாரைக்கூட விடாமல் ஏற்றிச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் படுத்தார்.

காலையில் மகளோடு கிளம்பும்போதுதான் ஹைட்ரஜன் தாங்கி காலியாகப் போகிறது என்று தெரிந்தது. பக்கத்து வாயு நிரப்பும் நிலையம் பழுது. அடுத்த ஊரில் ஒன்று வேலை செய்தது, வாயுவும் நிரம்பியது. ஆனால் வாயுவின் கடுங்குளிரில் குழாயின் வாய் உறைந்து காரோடு ஒட்டிக்கொண்டது. ஜேசுரட்ணம் இழுத்தார், ஊதினார், அந்தோனியாரைக் கூப்பிட்டார். பிளாஸ்க்கில் இருந்த இஞ்சித் தேத்தண்ணியையும் ஊற்றினார். கோட்டு நனைந்ததுதான் மிச்சம்.

மிதுஷா போன் போட்டு மாமாவை அழைத்தாள். றொனால்ட் வானோடு வந்தான், குழாயைப் பார்த்தான், வழக்கம்போல வானைத் தள்ளி அங்கால நிப்பாட்டினான். அந்த மரியாதையைத்தான் ஜேசுரட்ணத்தால் தாங்க முடியவில்லை.

"நீங்கள் போங்கோ. நான் இதைக் கழட்டிக்கொண்டு வாறன்."

"பூசை தொடங்கிடும் அப்பா. ஆர் என்னைக் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறது?"

"காரை இப்பிடி விட்டிட்டு வர ஏலாது பிள்ளை."

மிதுஷா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "இண்டைக்கு என்னைக் கட்டிக் குடுக்கிறியளோ, காரையோ?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பூவும் குழாயுமாகக் காரை அப்படியே விட்டுவிட்டு, மீன் பெட்டிகளுக்கு நடுவில் ஏறிக் குந்தினார்.

தேவாலய வாசலில் வான் கதவு திறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பொத்தினார்கள். பொத்தட்டும். மகளின் கை அவர் கையில் இருந்தது, அவருக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பின்னேரம் போய்ப் பார்த்தால், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரிக் குழாய் தானாகவே கழன்று கிடந்தது.

அடுத்த கிழமையே விளம்பரம் போட்டார். பார்க்க வந்த தமிழ்நாட்டு இன்ஜினியர் கிரிதர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"சூப்பர் கண்டிஷன்ல இருக்கே அங்கிள், ஏன் விக்கறீங்க?"

"கார் நல்ல கார்தான் தம்பி," என்றார் ஜேசுரட்ணம். "எனக்கு இன்னும் ஒரு மகள் இருக்கிறா."