மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லட்டும்

சம்பந்தி வீடென்றாலே ராக்கம்மாளுக்குச் சிம்மசொப்பனம். மகள் வீரம்மாளின் மூக்குத்தியை ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிப் போட்டுவிட்டாள் என்று, மாதக்கணக்கில் அவர்கள் பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொள்ளவில்லை. ஒற்றைக்கல் மூக்குத்திக்கே அந்தப் பாடு. அதனால்தான் ஐம்பத்தெட்டாம் வருஷம், தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் அரியமங்கலத்து வீட்டுக்குள் துடித்துக்கொண்டிருக்க, வாசலில் ஜட்கா வண்டியை நிறுத்திவைத்துவிட்டு ராக்கம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

வண்டியைக் கூட்டிவந்தது நர்ஸ் பாக்கியமேரி.

"பிள்ளை குறுக்கே கெடக்கும்மா. வீட்டுல ஆகாது. ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும். ஏத்துங்க."

"வயித்துல கத்தி வைக்கிற காரியங்க. மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லட்டும். நாங்களா கொண்டுபோயிட்டா, நாளைக்கு இவளை வச்சு வாழமாட்டேன்னுடுவாங்க."

"வாழறதுக்கு அவ இருக்கணுமேம்மா."

மாப்பிள்ளை செல்லக்கண்ணு மணப்பாறை மாட்டுச் சந்தையில் இருந்தான். அவனைக் கூட்டிவர ராக்கம்மாளின் தம்பி பிச்சை காலையிலேயே பஸ் ஏறிவிட்டான். அத்தனை மாட்டுக்கும் மனுஷருக்கும் நடுவே ஓர் ஆளைத் தேடிப் பிடிப்பதென்றால் லேசா?

வெயில் ஏறியது. வண்டிக்குதிரை புல்லைத் தின்று முடித்தது. நர்ஸ் கெஞ்சிப் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். "போயிடலாம்மா" என்றாள் மகள். அந்தச் சொல் போதாதா? போதவில்லை. வலியில் கிடக்கிறவள் வாய்க்கு அங்கே மதிப்பில்லை; எங்கோ மாட்டைப் பல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் வாய்க்குத்தான் மதிப்பு.

பொழுது சாய்கிற நேரத்தில் வீரம்மாளின் சத்தம் நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் ராக்கம்மாள் பதறியடித்து மகளை வண்டியில் ஏற்றினாள். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. வயிற்றிலிருந்த பிள்ளையும் தாயோடு போனது.

உடலைக் கொண்டுவந்து கிடத்திய பிறகுதான் செல்லக்கண்ணு வந்து சேர்ந்தான். தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"என்னை எதுக்கு அத்தை கேட்டீங்க? வேணாம்னா சொல்லப்போறேன்?"

அவன் நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட ராக்கம்மாள் தாங்கியிருப்பாள். இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை.

மறு வருஷம் எதிர்வீட்டு மருமகள் பவுனம்மாளுக்கு மூன்றாவது பிரசவம். விடிந்ததிலிருந்து வலி, உதிரப்போக்கு நிற்கவில்லை. அவள் புருஷனுக்கு டவுனில் கடை. கடையைச் சாத்திவிட்டு அவன் வரட்டும் என்றாள் மாமியார் இருசம்மாள்.

ராக்கம்மாள் தெருமுனைக்குப் போய் ஜட்காவைக் கூட்டிவந்தாள். உள்ளே புகுந்து பவுனம்மாளை அள்ளித் தூக்கினாள்.

"எம்மவன் கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்று வழியை மறித்தாள் இருசம்மாள்.

"எல்லாம் ராக்கம்மா செஞ்ச வேலைன்னு சொல்லு. வையறவங்க என்னை வையட்டும்."

வைதார்கள். மகளைக் கொன்றவள் என்றுகூட வைதார்கள். ராக்கம்மாள் தன் வாசலில் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டாள். எதிர்வீட்டில் பவுனம்மாளும் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.