இடது கால்

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அமெரிக்காவும் சீனாவும் வரி போட்டு முட்டிக்கொண்டபோது செஞ்சிப் பெண்களுக்கும் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. சீனாவில் தைக்க வேண்டிய ஷூவெல்லாம் இந்தப் பக்கம் திரும்பியது. கம்பெனி பஸ் ஊர் ஊராகப் புகுந்து ஆள் அள்ளியது. அப்படிப் போனவர்கள்தான் பூங்குழலியும் ஷோபனாவும். பக்கத்துப் பக்கத்து மெஷின். பூங்குழலி இடது கால் தைப்பாள், ஷோபனா வலது கால். அந்த லைனில் அதுதான் ஏற்பாடு.

கடைசியில் ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, மனிதனைக் கடித்த கதையாக அமெரிக்கா வரி இந்தியச் சரக்குக்கும் வந்தது. ஆர்டர் சுருங்கியது. சூப்பர்வைசர் கோதண்டராமன் வலது கால்காரிகள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார். ஷோபனாவின் புருஷன் படுத்த படுக்கை. அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

"இனிமே ரெண்டு காலையும் நீங்களே தைங்கம்மா. அடுத்த வரி ஏறதுக்குள்ள, வெள்ளிக்கெழம சரக்கு கப்பல் ஏறணும்," என்றார் கோதண்டராமன், மிச்சம் இருந்தவர்களிடம்.

பூங்குழலிக்குப் பொறுக்கவில்லை. எவனோ இரண்டு பேர் மல்லுக்கு நிற்க, ஷோபனா ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? மெஷினில் உட்கார்ந்து, இடது காலாகவே தைத்துத் தள்ளினாள். எதிர் மெஷின் மீனம்பாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவளும் வலதைத் தொடவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் விஷயம் லைன் முழுக்கப் பரவிவிட்டது.

சாயங்காலம் கோதண்டராமன் வந்து பார்த்தால், கூடை கூடையாக இடது கால்.

"இன்னாம்மா இது? அமெரிக்காக்காரன் ஒத்தக் கால்லயா நடப்பான்?"

"வலது கால் தைக்கிறவங்கள நீங்கதான சார் அனுப்புனீங்க?" என்றாள் பூங்குழலி.

"வேல பூடும், பாத்துக்க. பெரிய தேசிங்கு ராஜா பரம்பர!"

"அவரு கொஞ்சம் பேரோட போயி தோத்தாரு சார். நாங்க லைனே நிக்கிறோம்."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கோதண்டராமன் வேர்த்து விறுவிறுத்துப் போனைக் காதில் வைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினார்.

மறுநாள் காலை கூட்டு ரோட்டில் பஸ் நின்றபோது, வலது கால்காரிகள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஷோபனா ஏறி வந்து பூங்குழலி பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"வெள்ளிக்கெழம வரைக்கும்தான்டி கூப்ட்டுக்கிறாங்க. அப்பால மறுபடி நிறுத்திட்டா?"

"நிறுத்தட்டுமே," என்றாள் பூங்குழலி. "இடது கால் தைக்க எனக்கு மறந்தா பூடும்?"