ஏழாம் எண் தட்டில் ஒரு இருமல்

குராமோச்சியிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். என் இருமல்.

மற்றதெல்லாம் அவனிடம் உண்டு. யோகோஹாமாவில் பாதிப் பேர் வாயில் கைவிட்டுப் பல் டாக்டராகச் சம்பாதித்ததையெல்லாம் ஜாஸ் இசைத்தட்டுகளாக அடுக்கி வைத்திருக்கிறான். பழைய ஆல்பம் ஒன்றை மூல டேப்பிலிருந்து புதிதாகச் செதுக்கி, கனத்த தட்டில், எண் போட்டு மறுபதிப்பு விடுகிறார்கள் என்றால், எனக்குச் செய்தி வருவதற்குள் அவனுக்குத் தட்டே வந்துவிடும். அட்டையைச் சுற்றிய காகிதப் பட்டைகூடக் கசங்கியிருக்காது. என் தட்டுகளில் பாதிக்குப் பட்டையே கிடையாது. அவன் அலமாரியைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் இருமல் என்னுடையது. எழுபத்து மூன்றில் ஓர் அமெரிக்கக் குழு எங்கள் ஊர் அரங்கில் வாசித்ததைப் பதிவுசெய்து வெளியிட்டார்கள். இரண்டாம் பக்கத்தில், பாஸ் வாத்தியம் தனியாகத் தொடங்குமுன் ஒரு கணம் அமைதி. அதில் ஒரு இருமல். அன்று எனக்கும் குராமோச்சிக்கும் நடுவில் கல்லூரி ஜாஸ் மன்றத் தோழி கயோகோ உட்கார்ந்திருந்தாள். என் இருமலைக் கேட்டுவிட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பாக்கெட் தொண்டை மிட்டாயோடு என்னைத் தேடி வந்தாள். அடுத்த ஆண்டு கல்யாணம். நோகே தெருவில் நாங்கள் கூடும் ஜாஸ் காபிக்கடையில் இசோபே என்ற என் பேரே எல்லோருக்கும் மறந்துபோய், மரியாதைக்கு ஒரு சான் சேர்த்து, "இருமல் சான்" ஆகிவிட்டேன். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் குராமோச்சியின் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே!

போன வாரம் போன் செய்தான்.

"டேய், நம்ம ஆல்பம் மறுபதிப்பு வந்திருக்கு. ஏழாம் நம்பர்டா எனக்கு. உனக்குக் கெடச்சுதா?"

"வரும்."

"எங்கேர்ந்து வரும்? எல்லாம் வித்துப் போச்சே. பரவால்ல, கடைக்கு வா. உன் இருமலை நல்ல தட்டுல கேட்டுக்கோ, ஓசிதான்."

வயிறு பற்றி எரிந்தது. ஆனாலும் போனேன். என் இருமல் அல்லவா!

அந்தக் கடையில் தட்டு சுற்றும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. கடை நடத்தும் மாஸ்டர், பேசியவர் யாரானாலும் வெளியே அனுப்பிவிடுவார். அவர் ஊசியை இறக்கினார். பழைய தட்டில் இருந்த கரகரப்பு எதுவுமே இல்லை. பியானோக்காரர் கால் தட்டுவதுகூடக் கேட்டது. இருமல் வரும் இடம் நெருங்கியதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குராமோச்சி கண்ணை மூடிக்கொண்டான்.

இருமல் வந்தது. அடுத்து, பழைய தட்டில் கேட்டே இராத ஒன்று: காகிதம் பிரிக்கும் சரசரப்பு. அப்புறம் ஒரு பெண் குரல், கிசுகிசுப்பாக.

"குராமோச்சி சான், இந்தாங்க. வாயில போட்டுக்கோங்க."

கயோகோ. இருபத்திரண்டு வயதுக் கயோகோ.

பாஸ் தொடங்கிவிட்டது. நான் என்ன சொல்ல முடியும்? பக்கம் முடியும்வரை யாரும் பேசக் கூடாதே. குராமோச்சி மூடிய கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டிலேயே கேட்டு வைத்துக்கொண்டுதான் பாவி என்னைக் கூப்பிட்டிருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஐம்பது வருஷமாக நான் உருகிக் கேட்ட பாஸ், சனியன், முடியவே மாட்டேன் என்றது.

ஒருவழியாகப் பக்கம் முடிந்தது.

"இருமல் சானுக்கு இன்னொரு காபி..." என்று ஆரம்பித்த மாஸ்டர், எங்கள் இருவரில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் கயோகோ மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூட நேராக வைக்காமல் உள்ளே போனேன்.

"அவனுக்கா மிட்டாய் குடுத்தே?"

"எந்த மிட்டாய்?"

"எழுபத்து மூணுல!"

கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, குராமோச்சி சான் இருமினாரு. பக்கத்துல இருந்தேன், குடுத்தேன்."

"அப்போ நான் இருமவே இல்லையா?"

"நீங்களா? அதைப் பாத்தப்புறம்தான் ஆரம்பிச்சீங்க. அடுத்த பாட்டு பூரா ஒரே இருமல். நல்லவேளை, அந்தப் பாட்டைத் தட்டுல சேக்கல. தொண்டையில ஒண்ணுமில்லன்னு எனக்கு அப்பவே தெரியும்."

முகம் சுட்டது. "தெரிஞ்சும் ஒண்ணு குடுக்கத் தோணலையா?"

"கையில இருந்ததே அந்த ஒண்ணுதாங்க. அதான் வெளிய வந்ததும் கடைக்கு ஓடிப் பாக்கெட்டாவே வாங்கிட்டு வந்தேன். ஒரு மிட்டாய்க்கு இப்படி வயிறெரியற ஆம்பளைய நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல."

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். எனக்கென்னவோ முடியவில்லை. அந்தக் குரல் அவன் அலமாரியில் இருக்கிறது. நினைத்தபோதெல்லாம் ஊசியை வைப்பான், இருபத்திரண்டு வயதுக்காரி அவன் பேரைச் சொல்லிக் கொடுப்பாள்.

"இருந்தாலும், தட்டுல அவன் பேரைத்தானே சொல்றே?"

"ஆமா," என்று மீனைத் திருப்பிப் போட்டாள்.

நான் மெல்ல இருமிப் பார்த்தேன்.

"மிட்டாய் டப்பா மேல்தட்டுல இருக்கு," என்றாள் திரும்பாமலே. "நீங்களே எடுத்துக்கோங்க."