வேப்பமரத்தின் முறைமாப்பிள்ளை

1
இந்தக் கதை ஒரு கல்யாணப் பத்திரிகையில் தொடங்கியது. மணமகன் அரசமரம், மணமகள் வேப்பமரம், இடம் சங்கரன்கோவில் குளக்கரை. கீழே 'சுற்றமும் நட்பும் சூழ' என்று வேறு போட்டிருந்தார்கள். மரத்துக்கு யாரய்யா சுற்றம்? அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

2
முதல் தொடக்கம்: 'கிழக்கு வெளுத்தது. குயில் கூவ—' வேண்டாம். இங்கே கிழக்கு வெளுக்கையில் கூவுவது புளியங்குடி பஸ்தான்.

இரண்டாவது தொடக்கம்: வேம்புக்கு அப்பா ஸ்தானத்தில் நிற்பவர் எலுமிச்சை வியாபாரி சண்முகையா. சொந்தத்துக்கு வெளியே பெண் கொடுக்காத ஆள். அவருடைய சொந்த மகள் மாலா, கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள். உரக்கடை சாம்சனைக் காதலிக்கிறாள். அப்பா முடிவுசெய்திருப்பதோ அத்தை மகன் அருண்குமாரை. (கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று இவனைச் சேர்த்தேன். பாவம், நல்ல பையனாகப் போய்விட்டான்.)

3
பூசாரி தாலிக்கயிற்றை எடுத்ததும் மாலா கேட்டாள்:

"எப்பா, ரெண்டும் சொந்தமா?"

"ஆதிகாலத்துச் சொந்தம்லா!"

"இல்லப்பா. வேம்புக்குச் சொந்தம் எலுமிச்சை, வில்வம், மாமரம். அரசுக்குச் சொந்தம் ஆலு, அத்தி, பலா. தூரத்துச் சொந்தம் ரோஜா. ரெண்டு வம்சமும் பிரிஞ்சு கோடிக்கணக்கான வருசமாச்சு."

[இந்த இடத்தில் மரபணு பற்றி ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். சாரம் இதுதான்: முன்பு பூவையும் காயையும் பார்த்து உறவு சொன்னார்கள், இப்போது மரபணுவையும் பார்த்துச் சொல்கிறார்கள். மூக்கு ஒன்றுபோல இருந்தால் பங்காளி ஆகிவிட முடியாது.]

'சொந்தமில்லாட்டி என்னட்டி?' என்று அப்பா சொல்வார், அந்த வார்த்தையைச் சாம்சனுக்காக அப்படியே பிடித்துக்கொள்ளலாம் என்பது மாலாவின் கணக்கு. என் கணக்கும் அதுவே.

சண்முகையா எங்கள் இருவர் வாயிலும் மண்ணைப் போட்டார்.

"ஏலே, நிப்பாட்டுங்க கல்யாணத்த! முறைமாப்பிள்ளை எலுமிச்சை இருக்கையில அசலுக்கா குடுப்பேன்?"

எலுமிச்சைக் கன்று வாங்கப் புளியங்குடிக்குக் கார் பறந்தது.

4
மாப்பிள்ளை வந்து இறங்கினார். முழங்கால் உயரக் கன்று.* பட்டு வேட்டி சுற்றியிருந்ததில் இலை ஒன்றுகூடத் தெரியவில்லை. மாலை போடப்போன பூசாரியை முள் குத்தியது.

*வேம்பு மூன்று ஆள் உயரம். பொருத்தம் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அருண்குமார் கன்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, பாவம் மாமா. அதுட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கலயே."

"கன்னுட்ட என்னத்தலே கேக்க?"

"எங்கிட்டயும்தான் கேக்கல."

சண்முகையா மரத்தடியைப் பார்த்தார். அரசின் வேர் வேம்பின் வேரோடு எப்போதோ பின்னிக்கொண்டுவிட்டது. இனிப் பிரிக்கக் கோடாலிதான் வேண்டும். பிறகு மகளைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். பத்தடி தள்ளி, யாரோபோல நின்ற சாம்சனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

5
முடிவு அ: கயிறு அரசமரத்துக்கு, மாலா சாம்சனுக்கு. எனக்கு ஆசைதான்.

முடிவு ஆ: எலுமிச்சை தாலி கட்டி, வேம்பின் நிழலில் வெயில் கிடைக்காமல் வாட—

முடிவு இ: கோடாலி. இதை நான் எழுதமாட்டேன்.

சண்முகையா மூன்றையும் ஏற்கவில்லை. "எழுதுதவருக்கு என்ன, எழுதிட்டுப் போயிருவாரு. எம்பிள்ளைலா வாழணும்" என்கிறார். நியாயம்தான்.

இப்போது கயிற்றோடு கூட்டத்துக்குள் வருகிறார். என்னைத் தாண்டி, உங்கள் முன்னால் நிற்கிறார்.

"சுற்றமும் நட்பும்னு போட்டுத்தான கூப்பிட்டோம். நீங்க சொல்லுங்க, யாருட்ட குடுக்க?"

மாலா உங்களைத்தான் பார்க்கிறாள்.