வியாழக்கிழமைக்குள் என்ன ஆகிவிடும்?

மருத்துவ ஆராய்ச்சியில் புள்ளியியல் வேலை பார்ப்பவளை டாக்டர்கள் இரண்டே சமயத்தில்தான் நினைத்துக்கொள்வார்கள். ஆய்வுக்கு எத்தனை நோயாளிகள் வேண்டும் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கும்போது ஒரு தடவை. முடிவு அவர்கள் ஆசைப்பட்டபடி வராதபோது இன்னொரு தடவை. இருபத்தாறு வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஆஸ்பத்திரியில் ‘கணக்கு மேடம்’ என்று பெயர். மூன்றாம் மாடியில் முன்பு பழைய எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைத்திருந்த இடம்தான் அவளுடைய அறை. ஜன்னல் கிடையாது. புள்ளிவிவரத்துக்கு வெளிச்சம் எதற்கு என்று நிர்வாகம் நினைத்திருக்க வேண்டும்.

வீட்டில் மரியாதை இன்னும் விசேஷம். தங்கை ஆஸ்பத்திரியில் பில் போடுகிறாள் என்றே அவளுடைய அக்கா பதினைந்து வருஷம் அக்கம்பக்கத்தில் சொல்லிவந்தாள். ஒருநாள் இவள் திருத்தப் போனாள்.

“சரி, பில் போடல. அப்போ என்னதான் பண்றே?”

“புது மருந்து நெஜமாவே வேலை செய்யுதா, இல்ல தானா நல்லாயிடுச்சான்னு கண்டுபிடிக்கிறேன்.”

“அதை நோயாளியையே கேட்டா சொல்லிட்டுப் போறான். இதுக்கு ஒரு ஆபீசா?”

இருபத்தாறு வருஷத்தில் பல பேராசிரியர்களும் இதே கேள்வியை இதைவிடச் சுற்றி வளைத்துக் கேட்டிருந்ததால் அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர்களுக்காக ஒரு புது மாத்திரை வந்தது. ஆய்வில் ஆயிரத்து இருநூறு பேர். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று விழுங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. பட்டியல் கணக்கு மேடத்தின் கம்ப்யூட்டரில் பூட்டி இருந்தது. பாதி வழியில் அவள் மட்டும் கணக்கைத் திறந்து பார்த்து, மருந்தால் கெடுதல் தெரிகிறதா என்று மூன்று பேர் கொண்ட கண்காணிப்புக் குழுவிடம் சொல்ல வேண்டும்.

ஆய்வை நடத்திய பெரிய டாக்டருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. மாத்திரையைப் பற்றி, தாம் பெற்ற பிள்ளை மாதிரிதான் அவர் பேசுவார். அதன் வெற்றியைப் பற்றி இரண்டு மாநாடுகளில் உரையாற்றியும் விட்டார். முடிவு வரவில்லையே தவிர, திரையில் காட்டும் படங்கள் எல்லாம் தயார்.

அந்த ஆயிரத்து இருநூறு பேரில் அக்காவின் கணவரும் ஒருவர். துடிப்புக் கோளாறுக்காக வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனவரை அங்கேயும் நடந்த இதே ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். கணக்கு மேடம் உடனே இதை எழுத்து மூலம் தெரிவித்து, பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொன்னாள். நிர்வாகம் தீவிரமாக யோசித்தது. வேறு யாரும் இல்லை என்று கண்டுபிடித்து, அவளுடைய கடிதத்தைக் கோப்பில் பத்திரமாகச் சேர்த்துவிட்டது.

அத்தானுக்கோ ஒரே பெருமை. “என் நம்பர் நானூத்திப் பதினேழு!” என்று லாட்டரி விழுந்தவர் மாதிரி எல்லாரிடமும் சொன்னார். மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் வாரமே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை என்றார். இரண்டாம் மாதம் தலைமுடி கூடக் கறுத்து வருவதாக அவருக்கு ஒரு அபிப்பிராயம்.

“உன்கிட்டதானே பட்டியல் இருக்கு? அவருக்கு எதுன்னு ஒரு பார்வை பார்த்துச் சொல்லேண்டி,” என்றாள் அக்கா.

“பார்க்கக் கூடாதுக்கா.”

“யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரிஞ்சிடுமே.”

“ஆமா, பெரிய ராணுவ ரகசியம்,” என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாதி வழிக் கணக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்தது. மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் பதினோரு பேர் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் இருபத்தொன்பது பேர். மருந்தால் ஒரு வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய இடைவெளி ஆயிரம் தடவையில் நாலு தடவைதான் தற்செயலாக வரும். அவள் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் நிரலைத் திரும்ப ஓட்டினாள். மருந்து, மாவு என்ற பெயர்கள் இடம் மாறிப்போயிருக்குமோ என்று பத்து நோயாளிகளின் மாத்திரைப் புட்டி எண்களைக் கையால் சரிபார்த்தாள். அந்தப் பத்தில் நானூற்றுப் பதினேழு இல்லாதபடி பார்த்துக்கொண்டாள். எண்கள் அசையவில்லை.

கண்காணிப்புக் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற இதய நிபுணர். கூட்டம் அடுத்த வியாழக்கிழமை என்று ஏற்கெனவே குறித்திருந்தார்கள். முன்னால் வைக்க முடியுமா என்று அவருக்கு எழுதினாள். ‘வியாழக்கிழமைக்குள் என்ன ஆகிவிடும்? நிதானம் தேவை’ என்று பதில் வந்தது. அவளும் சரி என்று விட்டுவிட்டாள். அதைப் பிற்பாடு அவள் யாரிடமும் மறைத்ததில்லை. நினைத்து வெட்கப்பட்டதும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்த அத்தான் சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“பாரும்மா, உங்க ஆராய்ச்சிக்கு என்னை மாதிரி ஒழுங்கான நோயாளி கிடைப்பானா? ஒரு நாள் விட்டதில்லை.”

அவள் டப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இவரிடம் சொன்னால், இதே நேரத்தில் இதே மாதிரி டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும் மற்றவர்களிடம் யார் சொல்வது? அவர்களுக்கெல்லாம் கணக்குத் தெரிந்த மச்சினி இல்லையே. அவர் மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, வித்தை காட்டியவர் மாதிரி வாயைத் திறந்து காட்டினார். அக்கா சிரித்தாள். இவள் எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு தலைவருக்குப் போன் போட்டாள்.

“சார், கூட்டம் நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு.”

“நாளைக்கா? பேத்தி ஸ்கூல்ல நாடகம்மா. அவ முயலா வர்றா.”

“முயல் எத்தனை மணிக்கு சார் வருது?”

“பத்தரைக்கு.”

“ஒன்பதே முக்காலுக்கு உங்களை விட்டுடறேன். வரலேன்னா, வெள்ளிக்கிழமையே நான் கேட்டேன், நீங்க வியாழக்கிழமைன்னீங்கன்னு அறிக்கையில எழுதிடுவேன்.”

“எட்டு மணிக்கு வர்றேன்,” என்றார்.

திங்கட்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். அவள் ஒரே ஒரு தாளை மேஜையில் வைத்தாள். படித்ததும் மூவருக்கும் ஒரே சமயத்தில் தாகம் எடுத்தது. தண்ணீர் குடித்து முடித்ததும், மூவரில் ஒருவரான சிறுநீரக டாக்டர் தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார்.

“இதுல ஒருத்தர் ஏணியிலிருந்து விழுந்து செத்திருக்காரே. அதுக்கு மாத்திரை என்ன பண்ணும்? அவரை எடுத்துடலாம்.”

“எடுக்கலாம் டாக்டர். மாவு மாத்திரைப் பக்கத்துல ஒருத்தரை லாரி அடிச்சிருக்கு. அவரையும் எடுத்துடுவோம். இருபத்தெட்டு, பத்து.”

“வயசானவங்களை மட்டும் தனியாப் பார்த்தா?”

“ரெண்டு பக்கமும் வயசானவங்க சமமாத்தான் இருக்காங்க. அதுக்குத்தானே குலுக்கல்ல பிரிச்சோம்?”

தலைவர் தொண்டையைச் செருமினார். “இன்னும் ஆறு மாசம் பார்த்தா சமமாயிடலாம் இல்லையாம்மா?”

“ஆகலாம் சார். மாவு மாத்திரைப் பக்கமும் இன்னும் பதினெட்டுப் பேர் செத்தா சமமாயிடும்.” அவள் இன்னொரு தாளை நகர்த்தினாள். “நூத்துல ஒரு தடவைக்கும் குறைவா தற்செயலா வர்ற இடைவெளி இருந்தா நிறுத்தணும்னு, ஒரு நோயாளி கூட சேராத நாள்ல நீங்க மூணு பேரும் கையெழுத்துப் போட்டது இது. எண்ணைப் பார்த்ததுக்கப்புறம் கோட்டை நகர்த்தறதுன்னா, கோடே எதுக்கு சார்?”

ஒன்பதரைக்கு ஆய்வை நிறுத்தச் சொல்லி மூவரும் கையெழுத்திட்டார்கள். தலைவர் முயலைப் பார்க்க நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்.

பெரிய டாக்டர் மதியம் ஜன்னலில்லாத அந்த அறைக்கு முதல் தடவையாக வந்தார். “உங்க கம்ப்யூட்டர்ல எங்கயோ தப்பு” என்று ஆரம்பித்து, “உங்களுக்கு நோயாளிங்க மேல அக்கறையே இல்லை” என்று முடித்தார். ஒரு மாதம் கழித்து அடுத்த மாநாட்டில், விழிப்போடு இருந்து தாம் எப்படி உரிய நேரத்தில் ஆய்வை நிறுத்தினோம் என்று அவர் முக்கால் மணி நேரம் பேசினார். கடைசிப் படத்தில் உணவு ஏற்பாட்டாளர்களுக்கும் புள்ளியியல் பிரிவுக்கும் நன்றி இருந்தது. உணவு முதலில்.

நோயாளிகளை அந்தத் திங்கட்கிழமையே போனில் அழைத்து மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். யார் எதைச் சாப்பிட்டார்கள் என்ற கடிதம் இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. அத்தான் சாப்பிட்டது மாவு.

பிழைத்தோம் என்று அவர் சந்தோஷப்பட்டிருக்கலாம். அவருக்கு அவமானமாகிவிட்டது. “இவ்வளவு நாளா என்னை ஏமாத்தி மாவைத் தின்ன வெச்சிருக்காங்க!” என்று குதித்தார். மறுநாளிலிருந்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அந்த மாவு மாத்திரையாவது கடையில் கிடைக்குமா என்று மச்சினியிடம் ரகசியமாகக் கேட்டார்.

அக்காவின் கோபம் வேறு. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்கு வந்தாள்.

“அன்னைக்கு எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டப்போ, அந்த மருந்து ஆளைக் கொல்லுதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அவர் முழுங்கினதைப் பார்த்துட்டு சும்மா இருந்தே?”

“இருந்தேன்.”

“அவருக்கு எதுன்னு பட்டியலைப் பார்த்திருந்தா உனக்காவது நிம்மதியா இருந்திருக்குமே! அதைக்கூடவா பார்க்கல? நீயெல்லாம் என்ன ஜென்மம்?”

தங்கை மெதுவாகச் சொன்னாள்.

“பார்த்திருந்தா நிம்மதியாத்தான் இருந்திருப்பேன். அத்தானுக்கு மாவுதானேன்னு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். கூட்டமும் வியாழக்கிழமையே நடந்திருக்கும்.”

அக்காவுக்கு அது உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் உட்கார்ந்துவிட்டாள். கடிதத்தை நாலாக, எட்டாக மடித்தாள்.

“அந்த மூணு நாள் முன்னால நிறுத்தினதுல யாராவது பொழைச்சாங்களா?”

“தெரியாதுக்கா.”

“எப்பவாவது தெரியுமா?”

“தெரியாது. ஒருத்தர் பொழைச்சிருக்கலாம். யாருமே இல்லாமலும் இருக்கலாம்.”

“நல்ல வேலைடி உன்னோடது,” என்றாள் அக்கா. ஆனால் எழுந்து போகவில்லை. குடிக்க ஏதாவது கொடு என்று கேட்டாள்.