கீழுதட்டுக் கொப்புளம்

என் கீழுதட்டின் உள்பக்கம் மிளகு அளவில் ஒரு கொப்புளம் வந்தது. வலியில்லை. ஊசியால் குத்தினேன், முட்டை வெள்ளைக்கரு போலக் கொழகொழவென்று வடிந்தது. கொஞ்ச நாளில் மறுபடி உப்பிக்கொண்டது, இந்த முறை புளியங்கொட்டை அளவுக்கு.

வேலூரில் காட்டலாம் என்றிருந்தேன். எங்கள் ஊர் வேங்கிக்காலிலேயே பல் கிளினிக் வைத்திருக்கிறாள் என் கொழுந்தன் மனைவி கவிநிலா. அவளிடம் மட்டும் போவதாக இல்லை. பொறாமைதான், வேறென்ன? நானும் அந்தப் படிப்புக்கு ஆசைப்பட்டவள்தான், இடம் கிடைக்கவில்லை. அவள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமியார் சந்திரம்மாள் வாயில் வேறு பேச்சே கிடையாது. என் வயிற்றெரிச்சல் யாருக்குத் தெரிந்தாலும் அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வேலூருக்குக் கிளம்பிய அன்று பார்த்துப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. "ஊட்லயே டாக்டர வெச்சிக்கினு வேலூருக்கு எதுக்குப் போற இனியா?" என்று மாமியார் என்னை ஆட்டோவில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார்.

கவிநிலா உதட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். விரலால் மெல்ல அழுத்தினாள்.

"சளிக்கட்டிக்கா. பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல. உதடு கடிபட்டா உள்ள இருக்கற எச்சில் குழாய் கிழிஞ்சிடும், எச்சில் அங்கியே தேங்கிக்கும். குத்தி உட்டா திரும்ப வரும். சுரப்பியோட சேத்து எடுத்துடணும். உதடு கடிக்கற பழக்கம் உண்டாக்கா?"

"இல்லயே" என்றேன்.

"பல்லு தடம் தெரியுதே."

மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியை எடுத்து, தையல் போட்டாள். கை நடுங்கவேயில்லை. கொஞ்சமாவது தடுமாறக் கூடாதா என்று அந்த நிலையிலும் நினைத்தேன். "மரப்பு போறவரைக்கும் ஜாக்கிரதைக்கா. கடிச்சாலும் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

மாமியார் ஆரம்பித்தார். "பாத்தியா எம் மருமவ கைய? இவ வர்றதுக்கு நாங்க குடுத்து வெச்சிருக்கணும்."

அப்போ நான் யார்? அதைத்தான் நினைத்தேன், வேறெதுவும் செய்யவில்லை. கவிநிலா ஓடிவந்து என் தாடையைப் பிடித்தாள். உதட்டில் வைத்திருந்த பஞ்சு முழுக்கச் சிவந்திருந்தது. என் பல்தான் உதட்டில் இறங்கியிருந்தது.

அவள் என்னையே சற்றுப் பார்த்தாள். பிறகு மாமியாரிடம் திரும்பினாள்.

"அத்த, என்னப் பத்திப் பேசறத நிறுத்துங்க. அக்காவுக்குத் தையல் பிரிஞ்சிடும்."

மெதுவாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.